துட்டி கேட்காத ஊர்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கல்லாவுக்குப் பின்னால் இருக்கிற சுழல் நாற்காலியில் சுப்புராஜ். போன ஆவணியில் இறந்துபோகிற வரைக்கும் அவருடைய அண்ணன் பால்ச்சாமி உட்கார்ந்திருந்த நாற்காலி அது. கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியின் மேல் பால்ச்சாமியின் மகன் அசோக். ஃபேனுக்கு நேர் கீழே பிளாஸ்டிக் சேரில் அசோக்கின் மனைவி சுகப்பிரியா. கலர் கலக்குகிற மெஷினை ஒட்டிய ஸ்டூலில், மடியில் பையை அணைத்துக்கொண்டு, பெயிண்ட் கம்பெனி ஆபீசர் மணிகண்டன். பால்ச்சாமியின் மனைவி கோகிலாம்பாள் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். அங்கே உட்காரும்படி யாரும் சொல்லவில்லை. வேறு இடம் மிச்சமில்லை, அவ்வளவுதான்.

அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டுக் கடை. மத்தியானச் சாப்பாட்டு நேரம். ரோட்டில் வெயிலைத் தவிர ஆளில்லை.

"சார் இருக்கும்போதே விற்பனை டார்கெட்டு முடிஞ்சிருச்சும்மா," என்றான் மணிகண்டன். "ரெண்டு பேருக்கு வெளிநாட்டு டூரு. இந்த வாட்டி ரெண்டு ஊரு குடுத்திருக்காக, ரெண்டுமே சரித்திரத்துல பேர் போன ஊரு. இஸ்தான்புல் ஒண்ணு, சமர்கண்டு ஒண்ணு. எந்த ஊரு, யாரு யாரு போறாகன்னு நீங்க எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வச்சு இன்னைக்கே கூரியர்ல அனுப்பணும். மெயிலு செல்லாது. கடை ஒங்க பேர்லதான இருக்கு."

கடை ஆரம்பித்த நாளிலிருந்து அவள் பேரில்தான் இருக்கிறது. வரிக்கு நல்லது என்று ஆடிட்டர் சொன்ன யோசனை. கடைக்கான கடிதங்களையும் அவள்தான் எழுதுவாள். எம்.ரெட்டியபட்டிப் பள்ளிக்கூடத்தில் படித்த கை. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று வரிசை பிசகாது. முன்னே ஒரு தடவை பாங்காக் டூர் வந்தபோதும் கடிதம் அவள்தான் எழுதினாள். அவளுக்கும் பாஸ்போர்ட் எடுத்திருந்தார்கள். கடைசி நேரத்தில், "பொம்பளைக்கு அங்க என்ன பாக்க இருக்கு, தம்பி வாரேங்கிறான்" என்றார் பால்ச்சாமி. தன் பெயருக்குப் பதிலாகக் கொழுந்தன் பெயரை அவளே எழுதிக் கையெழுத்தும் போட்டாள். பாஸ்போர்ட் பீரோவில் புதுசாகவே கிடக்கிறது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு, இஸ்தான்புல்தான்," என்றார் சுப்புராஜ். "ஒரு காலு ஐரோப்பாவுல, ஒரு காலு ஆசியாவுல வச்சு போட்டோ எடுக்கலாம்."

"நடுவுல கடலு இருக்கு சித்தப்பா. காலு அம்புட்டு நீளமா ஒங்களுக்கு?"

"பாலம் இருக்குலே. விவரம் தெரியாம பேசாத."

"அந்த ஊருதான் பழைய கான்ஸ்டாண்டிநோபிள்," என்றாள் கோகிலாம்பாள். பத்தாம் வகுப்பில் கோடிட்ட இடத்தை நிரப்பிய ஞாபகம். யாரும் காதில் வாங்கவில்லை.

சுகப்பிரியா போனைத் திருப்பிக் காட்டினாள். "சமர்கண்டப் பாருங்க. மசூதி, மண்டபம் எல்லாம் நீல ஓடு பதிச்சது. எம்புட்டு நூறு வருஷம் ஆச்சோ, நெறம் அப்பிடியே நிக்குது."

"நம்ம எக்ஸ்டீரியர் பெயிண்டு அடிச்சா ரெண்டு மழைக்குத் தாங்க மாட்டேங்குது," என்றான் அசோக். மணிகண்டன் பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டான்.

"எந்த ஊரா இருந்தாலும் நீ போக முடியாது," என்றார் சுப்புராஜ், அசோக்கிடம் சொல்வதுபோல. "அப்பனுக்குக் கொள்ளி வச்ச புள்ள. தலைத்திவசம் முடியிற வரைக்கும் கடல் தாண்டக்கூடாது."

"ஏரோப்பிளேன்லதான சித்தப்பா போறோம்."

"ஏரோப்பிளேன் எதுக்கு மேல போகுது?"

"சமர்கண்டுக்கு டெல்லி வழியாப் போனாக் கடலே கிடையாது. மலைதான்."

"மலையும் ஏறக்கூடாதுலே."

சுகப்பிரியா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தாள். சுப்புராஜ் குரலைத் தணித்தார். "அதனால நான் என்ன நெனைக்கேன்னா மதினி, நானும் என் வீட்டுக்காரி, ஒங்க தங்கச்சியும் இஸ்தான்புல் போயிட்டு வந்துர்றோம். நீங்க வருசம் திரும்பாம வீட்டு வாசல் தாண்டுனா ஊரு பேசும். வழக்கம்போல எழுதிக் குடுத்துருங்க."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கு மறுப்பும் வரவில்லை, சம்மதமும் வரவில்லை. பால்ச்சாமி போனதிலிருந்து இப்படித்தான். உப்பா உறைப்பா என்று சுகப்பிரியா கேட்டால் மறுபடி ஒரு வாய் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. பெட்டியிலிருந்து கடையின் லெட்டர்பேடை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுதிவிட்டால் இவர்கள் சாப்பிடப் போவார்கள்.

அப்போது வாசலில் பைக்கை நிறுத்திவிட்டுப் பெயிண்டர் காளிராஜ் உள்ளே வந்தான். நரிக்குடிக்காரன். கேரளாவில் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தான். உப்புத்தாளும் பிரைமரும் கேட்டவன், நாற்காலியில் ஆள் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

"ஊருக்கு வந்தப்பறந்தான்க்கா சொன்னாக. எப்பிடிக்கா ஆச்சு?"

கோகிலாம்பாள் எழுந்து போய் உப்புத்தாள் கட்டைப் பிரித்தாள்.

"காலையில எந்திரிச்சு பல்லு வெளக்குனாக. காப்பி கேட்டாக. நான் அடுப்புல பாலை வச்சிட்டுத் திரும்புறேன், நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு அப்பிடியே சுவரோட சரிஞ்சிட்டாக. ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

"அடப்பாவமே."

"ஒரு வார்த்தை சொல்லல."

முதலில் எல்லாம் 'திரும்புறேன்' என்கிற இடத்தில் அழுதுவிடுவாள். பிறகு அது நின்றுபோனது. சாவு விசாரிக்க, துட்டி கேட்டு வீட்டுக்கு வந்தவர்கள், கடைக்கு வந்தவர்கள், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தவர்கள், எல்லாருக்கும் இதே வார்த்தைகளை இதே வரிசையில் சொல்லியாயிற்று. கேட்பவர் 'அடப்பாவமே' சொல்வதற்கு எங்கே இடம் விட வேண்டும் என்பது நாக்குக்கே தெரிந்திருந்தது. இப்போதும் வாய் சொல்லிக்கொண்டிருக்க, கை பாட்டுக்கு உப்புத்தாளை எண்ணிக் கட்டி முடித்துவிட்டது. கட்டிய பொட்டலத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷனைப் பற்றி அந்த நாலு வரியைத் தவிர வேறு எதுவும் மனதில் எழும்பவில்லை. அவர் முகம்கூட, நெஞ்சைப் பிடித்துக்கொண்ட முகமாகத்தான் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் சொன்னால் அதுவும் வராது என்று தோன்றியது.

காளிராஜ் போனபின் மணிகண்டனிடம் கேட்டாள். "தம்பி, இஸ்தான்புல்லுக்கு யாரெல்லாம் வாராக?"

"நம்ம பக்கத்து டீலர் எல்லாரும் அதுதாம்மா. விருதுநகரு, மதுரை, ராமநாதபுரம், பூரா குடும்பத்தோட. சாரைத் தெரியாதவுக யாரு? ஒங்களைப் பாத்தா வந்து ஒரு வார்த்தை கேக்காம இருப்பாகளா? நம்ம சனம் மாதிரி."

"சமர்கண்டுக்கு?"

"அது வடக்கத்தி டீலருகம்மா. குஜராத்து, பஞ்சாபு. தமிழ் தெரிஞ்ச ஆளு ஒருத்தரும் கிடையாது. அதனாலதான் நான் அதைப் பத்தி வெவரமாச் சொல்லல."

கோகிலாம்பாள் மூட்டைக்குத் திரும்பவில்லை. கல்லா மேசைமேல் லெட்டர்பேடை வைத்து, நின்றவாக்கில் எழுத ஆரம்பித்தாள். பேனா போகிற போக்கைச் சுப்புராஜ் தலைகீழாகப் படித்தார்.

பொருள்: வெளிநாட்டுச் சுற்றுலா, ஊரும் பெயரும் தெரிவித்தல் சார்பாக.

ஊர்: சமர்கண்ட்.

செல்வோர்: பா. கோகிலாம்பாள், உரிமையாளர்.

"மதினி, என்ன இது?"

"நான் போறேன்."

"ஹிந்தி தெரியாது, இங்கிலீசு தெரியாது. ஒருத்தரோட ஒரு வார்த்தை பேச முடியாது. ஊமை மாதிரி இருக்கப் போறீகளா?"

"ஆமா தம்பி."

"ஊரு கேக்குமே. புருசன் செத்து வருசம் திரும்பல, எங்க போனாகன்னு வந்து கேப்பாகளே."

"வந்து கேட்டா நீங்க சொல்லுங்க. ஒங்க அண்ணன் எப்பிடிப் போனாகன்னும் சேத்து நீங்களே சொல்லிருங்க. எனக்குச் சொல்லி முடிஞ்சிருச்சு."

சுப்புராஜ் அசோக்கைப் பார்த்தார். அசோக் வாளியிலிருந்து எழுந்திருந்தான். "தனியாவாம்மா?" என்றான்.

கோகிலாம்பாள் சுகப்பிரியாவின் பக்கம் திரும்பினாள். பால்ச்சாமி சரிந்த அன்றைக்குக் காலையில் அடுப்படியில் கூட இருந்தவள். பார்த்தவள் என்பதால் ஒரு நாளும் கேட்காதவள்.

"நீ வாரியா? எங்கிட்ட ரொம்பப் பேச்சு இருக்காது."

"வாரேன் அத்தை. பேச வேணாம்."

இரண்டாவது வரியில் அ. சுகப்பிரியா என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். சந்தோஷமாக இருக்கிறதா என்று தன்னையே ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்படி ஒன்றும் இல்லை. நாக்கு மட்டும் வாய்க்குள் சும்மா கிடந்தது. அது போதும் போல இருந்தது.

"அப்ப நான்?" என்றான் அசோக்.

"நீ கடையப் பாரு. ஒங்க சித்தப்பாதான் கடல் தாண்டக்கூடாது, மலை ஏறக்கூடாதுங்கிறாகளே."

மணிகண்டன் சிரித்துவிட்டு, சுப்புராஜ் முகத்தைப் பார்த்ததும் இருமினான். சீல் கல்லா டிராயரில் இருந்தது. சுப்புராஜ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி வழி விட்டார். பிறகு எழுந்தே விட்டார். அவள் சீலை மையில் ஒற்றிப் பெயருக்குக் கீழே நேராக வைத்து எடுத்தாள். ரெண்டு பேர் பாஸ்போர்ட் நகலையும் பிறகு தன் போனுக்கே அனுப்பச் சொன்னான் மணிகண்டன். கடிதத்தை மூன்றாக மடித்துக் கவரில் இட்டு, பசை தடவி, உள்ளங்கையால் ஓரம் முழுவதும் தேய்த்தாள். பெறுநர் விலாசம் எழுதினாள்.

கூரியர் ஆபீஸ் எதிர் வரிசையில்தான். செருப்பை மாட்டிக்கொண்டு அவளே ரோட்டைக் கடந்தாள். அங்கே இருந்த பெண் கவரை எடைபோட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள்.

"எப்பப் போகும்?"

"மதுரை வண்டி வந்துருச்சும்மா. இதுலயே போயிரும்."

வண்டிக்காரன் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தான். அந்தப் பெண் கவரை உள்ளே போட்டாள்.