லின்டபியின் மகிமை

வட ஐரோப்பாவின் சிற்றூரான லின்டபியில் இரண்டாயிரம் சனம், பதினேழு சங்கம். புறா வளர்ப்பவர்களுக்கு ஒன்று, சீட்டு விளையாடுபவர்களுக்கு ஒன்று, பாடத் தெரியாதவர்கள் கூடிப் பாடுவதற்கு ஒன்று. ஆனால் எந்தச் சங்கத்துக்குப் போனாலும் மேசைக்குப் பின்னால் இருப்பவர் ஹென்னிங்தான். கோப்பின் நிறம்தான் மாறும். மன்னாரிலிருந்து அகதியாக வந்த யேசுரட்ணம் வீடு கேட்டுப் போனபோது அவர் வீட்டுச் சங்கத் தலைவராகப் பச்சைக் கோப்புடன் இருந்தார். "குழு கூடும், ஆராயும்," என்றார். அது ஒன்பது மாதத்துக்கு முந்திய கதை.

யேசுரட்ணத்துக்கு அது வெறும் வீட்டு விசயம் இல்லை. மனைவி மாக்கிரட் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்துக் கிடந்தாள். இரண்டு அறை உள்ள வீட்டு விலாசம் ஒன்றைக் காட்டினால்தான் அவளைக் கூப்பிடும் விண்ணப்பம் நகரும் என்று குடிவரவுக் கந்தோரில் சொல்லிவிட்டார்கள். அவனோ ஐந்து இளைஞர்களோடு ஒரு நிலவறையில் படுத்திருந்தான். ஸ்டேசன் வீதி பதினான்காம் இலக்கத்தில் வீட்டுச் சங்கத்தின் மஞ்சள் செங்கல் வீடொன்று தை மாதம் தொட்டுப் பூட்டிக் கிடந்தது. அதைக் கடக்கும்போதெல்லாம் சன்னலால் எட்டி அறைகளை எண்ணிப் பார்ப்பான்.

இந்த நேரத்தில்தான் இங்கிலாந்திலிருந்து கடிதம் வந்தது. லிட்டில் ஹாவ்டன் என்ற சிற்றூர் லின்டபியோடு சிநேகம் பிடிக்கப் போகிறதாம். இருபது பேர் வருகிறார்களாம். தங்கள் ஊரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியும் அனுப்பியிருந்தார்கள். பூக்கண்காட்சி, கிரிக்கெட், தேவாலய மணி, பிறகு இப்படி ஒரு வரி: "மாவட்டத்திலேயே வடிவான ஊர் எங்களுடையது என்று சிலர் சொல்வதுண்டு." அந்தச் சிலர் யாரென்று விசாரித்தால் எழுதினவரும் அவருடைய மனைவியுமாகத்தான் இருக்கும். பதிலுக்கு லின்டபியும் ஆங்கிலத்தில் ஒன்று எழுத வேண்டும். எழுத ஆளில்லாமல் ஹென்னிங் நீலக் கோப்போடு நிலவறைக்கே இறங்கி வந்துவிட்டார்.

"அண்ணை, இது கடவுள் தந்த சந்தர்ப்பம். வடிவா எழுதிக் குடுங்கோ," என்றான் அறைத்தோழன் சிவபாலன்.

"எனக்குச் சொல்லித் தராதை. மன்னாரிலை பதினொரு வருசம் கிராமச் சபைக் கிளாக்கா இருந்தனான். எத்தினை மந்திரிமாருக்கு வரவேற்புப் பத்திரம் எழுதினனான் தெரியுமே?"

வரவேற்புப் பத்திரத்துக்கு ஒரு முறை உண்டு. முதலில் மூச்சு விடாமல் புகழ வேண்டும். கடைசியில், மந்திரி இன்னும் போடாத றோட்டைப் போட்டுத் தந்துவிட்டதாகவே நன்றி சொல்லிவிட வேண்டும். சபை நடுவில் நன்றியை வாங்கிக்கொண்ட மனிதர் பிறகு எந்த முகத்தோடு போடாமல் விடுவார்? மூன்று றோட்டையும் ஒரு தபால் கந்தோரையும் யேசுரட்ணம் அப்படித்தான் கறந்திருந்தான்.

எழுதினான். ஐரோப்பாவின் மணிமுடியில் மரகதக்கல் லின்டபி. ஒரு மேடையும் உட்கார ஒரு வாங்கும் உள்ள அதன் ரயில் நிலையத்தைக் கண்டு உலகப் பயணிகள் மலைத்து நிற்கிறார்கள். கடைசி வரி: "தூரதேசத்திலிருந்து வந்த யேசுரட்ணம், மாக்கிரட் தம்பதிக்கு இந்த ஊர் ஸ்டேசன் வீதி பதினான்காம் இலக்க வீட்டைக் கொடுத்திருக்கிறது."

ஹென்னிங் அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தார். சபையில் வேட்டி அவிழ்ந்த மனிதரைப்போல் நெளிந்தார்.

"நாங்கள் இப்படிப் பேசுவதில்லை. நாங்கள் சாதாரண ஆட்கள்," என்றவர், "இந்த நாட்டிலேயே எங்களைப்போல் சாதாரண ஆட்கள் கிடையாது," என்றார் பெருமையாக.

சிவப்புப் பென்சிலால் புகழ்ச்சியை எல்லாம் தேடித் தேடி வெட்டினார். மரகதக்கல் போயிற்று, உலகப் பயணிகளும் போனார்கள். தேவாலயம் உண்டு, ரயில் நிற்கும், மழை பெய்யும் என்ற அளவில் மிஞ்சியது. கடைசி வரியில் புகழ்ச்சி ஒரு சொல்லும் இல்லாதபடியால் பென்சில் அதைத் தாண்டிப் போய்விட்டது. கோப்பி நேரமும் ஆகிவிட்டது. முந்நூறு பிரதி அடித்தார்கள்.

ஆனி மாதம் விருந்தாளிகள் வந்தார்கள். மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது அவர்களின் தலைவி பெம்பர்ட்டன் சீமாட்டி அந்தத் தாளை உயர்த்திப் பிடித்தாள். "எவ்வளவு நல்ல காரியம்! அந்த வீட்டை நாங்கள் பார்க்க வேண்டும். எங்கள் பத்திரிகைக்குப் படமும் வேண்டும்."

மொழிபெயர்க்க நின்றவன் யேசுரட்ணம்தான். ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்தான். ஹென்னிங்கின் கேக் துண்டு வாய்க்குப் போகாமல் நின்றது. இருபது ஆங்கிலேயருக்கு முன்னால் இல்லை என்று சொன்னால் ஊர் மானம் என்ன ஆகிறது?

"நாளைக்கு," என்றார்.

மறுநாள் விடிய, ஹென்னிங் கொடுத்த சாவியால் யேசுரட்ணம் வீட்டைத் திறந்தான். ஹென்னிங்கின் மனைவி தன் வீட்டுத் திரைச்சீலைகளைக் கழற்றி வந்து மாட்டினாள். புறாச் சங்கம் உட்காரக் கதிரை தந்தது. யேசுரட்ணம் வாசலில் நின்று படத்துக்குச் சிரித்தான்.

"மனைவி எங்கே?" என்று கேட்டாள் சீமாட்டி.

இந்தக் கேள்விக்கு அவன் ஆயத்தமாய் இருக்கவில்லை. "வந்துகொண்டிருக்கிறாள்," என்றான். கண் கலங்கிவிட்டது.

பஸ் புறப்பட்டது. கதிரைகள் புறாச் சங்கத்துக்குத் திரும்பின. ஹென்னிங் கையை நீட்டினார். "சாவி. குழு செப்டெம்பரில் கூடும்."

அட பாவி மனிதா! ஆனாலும் யேசுரட்ணம் பழைய கிளாக்கர் ஆயிற்றே, சாவியை நீட்டிக்கொண்டே சொன்னான்: "தருகிறேன். சீமாட்டி படத்தை இந்த விலாசத்துக்குத்தான் அனுப்புவாராம். அடுத்த வருசம் இங்கே வந்து மாக்கிரட்டின் கையால் தேத்தண்ணி குடிப்பாராம். அப்படி ஒரு வீடு இல்லை என்று நான் எழுதட்டுமா, நீங்கள் எழுதுகிறீர்களா?"

ஹென்னிங் சாவியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். நீட்டிய கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

"திரைச்சீலை என் மனைவியுடையது," என்றார். ஒவ்வொன்றாகக் கழற்றி, மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம் வெறும் சன்னல் விளிம்பில் தாளை வைத்து யேசுரட்ணம் எழுதினான்: "மாக்கிரட், வீடு கிடைச்சிட்டுது. விலாசம் கீழே இருக்கு. வரேக்கை சன்னலுக்குத் துணி கொண்டு வாரும். பதினேழு சங்கமும் எட்டி எட்டிப் பாக்குது."