பட்டைக்கு அடியில் ஈரத்துணி

முந்தின நாள் தீ வைத்த கரும்பு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. எவெனோர் குனிந்து அடியில் ஒரு வெட்டு, நிமிர்ந்து தோகையில் ஒரு வெட்டு என்று போய்க்கொண்டிருந்தான். முகம், கழுத்தெல்லாம் கரி. இடது மணிக்கட்டில் ரப்பர் பட்டை. அதில் பொட்டுப்போல் ஒரு பச்சை விளக்கு.

வெட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் சுமக்கும் நூபியா, புருஷனின் அந்தக் கையைத்தான் முதலில் பிடித்தாள். பட்டைக்கு அடியில் மடித்து வைத்த துணி காய்ந்திருந்தது. உருவி, நனைத்து, மறுபடி செருகினாள்.

"எம் பொண்டாட்டி இப்படி என் கையப் புடிச்சு வருஷமாச்சு, அக்கா!" பக்கத்து வரிசையிலிருந்து டெனிஸ் கத்தினான்.

"குளிச்சிட்டுப் போ, புடிப்பா."

உடம்புச் சூட்டை அளக்க ஆலை கட்டிவிட்ட பட்டை அது. வெயிலில் வெட்டி, சிறுநீரகம் கெட்டுச் செத்தவர்கள் சினாண்டேகா ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. நூபியாவின் அண்ணனும் அப்படித்தான் போனான். விளக்கு சிவந்தால் கூடாரத்து நிழலில் உட்கார வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அடிக்கடி சிவந்தவர்களை மேஸ்திரி அப்புறம் வேலைக்குக் கூப்பிடவில்லை. அதன் பிறகுதான் பெண்கள் பழைய துணியைக் கிழிக்க ஆரம்பித்தார்கள்; ஈரத்துணி மேல் இருந்தால் பட்டை சிவக்காது.

வெயில் ஏறும் நேரத்தில் ஆலையின் சுகாதாரப் பிரிவிலிருந்து லிசெத் வந்தாள். சின்னப் பெண். கைக்கணினியின் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

"பாருங்கண்ணே, மாசம் பூரா பச்சை! மேற்கு வயல்ல பாவம், தெனம் சிவப்பு. அதான் உங்க கூடாரத்த அங்க அனுப்பச் சொல்லி நானே எழுதிக் கேட்டேன்."

அவள் மெய்யாகவே சந்தோஷப்பட்டாள். நூபியாவுக்கு உண்மை வாய்வரை வந்துவிட்டது.

"சொல்லிரவாய்யா?" என்றாள் புருஷனிடம், மெதுவாக.

"சொன்னா அத்தன பேரும் வீட்டுல கெடப்போம். விடு, புள்ள."

ஆலை ஆட்கள் கூடாரத்தைச் சுருட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

எவெனோர் இன்னொரு வரிசை வெட்டினான். பிறகு கத்தி கையிலிருந்து நழுவியது. வெட்டிப்போட்ட தோகைமேல் அப்படியே சரிந்தான். உதடு வெளுத்திருந்தது. நூபியா ஓடிவந்து தலையில் தண்ணீர் ஊற்றினாள். சுற்றிலும் மொட்டை வயல். ஒரு மரம் கிடையாது. இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் துணியை அவிழ்த்து, வெயிலுக்கு முதுகு காட்டி, இரு கையாலும் விரித்துப் பிடித்து நின்றாள். நிழல் அவன் முகத்துக்கும் நெஞ்சுக்கும் எட்டியது.

"மேஸ்திரி பாப்பான்... தள்ளிப் போ."

"பாக்கட்டும். கண்ண மூடு."

வயலோரத்தில் மேஸ்திரியின் விசில் கேட்டது. மறுபடியும் கேட்டது. அவள் திரும்பவில்லை. வெயில் நகர்ந்தபோது மட்டும் ஓரடி தள்ளி நின்றாள்.