ஆசிட் கேனின் மூடி

முதல் கல் கூரைத் தகரத்தில் வந்து விழுந்தபோது, கரி டாக்டர் தன் தம்பியை அறைந்து முடித்திருந்தாள். செல்ல அறை இல்லை, பொறி கலங்கும் அறை. அவன் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து மேலுதட்டில் நின்றது. அவன் அதைத் துடைக்கக்கூட இல்லை.

"இன்னொண்ணு வேணும்னாலும் அடிச்சுக்கோ. சத்தம் மட்டும் போடாத அக்கா," என்றான்.

அவனுடையது முலாம் பூசும் பட்டறை. குழாய், கைப்பிடி, சைக்கிள் உதிரி எல்லாம் துருவும் அழுக்குமாய் வந்து பளபளவென்று திரும்பிப் போகும். பளபளப்பு வாடிக்கையாளருக்கு, கழுவிய தண்ணீர் தெருக்கோடிக் கால்வாய்க்கு. அந்தத் தண்ணீரில் இருக்கும் குரோமியத்தைப் பிடிப்பதற்காகவே அக்கா ஆய்வுக்கூடத்தில் தலை நரைக்கும்வரை மல்லுக்கட்டினாள். கொட்டை ஓடுகளைச் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரியின் மேல் ஒரு வேதிப்பூச்சை ஏற்றினாள். "கரிக்குக் கை முளைக்க வெச்சிருக்கேன்டா. இனிமே எந்த விஷமும் அது கையில இருந்து தப்பாது," என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பீற்றிக்கொண்டாள். அன்றுதான் தம்பி அவளுக்குக் கரி டாக்டர் என்று பெயர் வைத்தான். ஊரார் முன்னால் அக்கா என்று கூப்பிட மாட்டான். உறவுக்காரி என்று தெரிந்தால் அவள் சொல்லுக்கு மதிப்பு இருக்காதாம். வெறும் டாக்டர்தான்.

கை முளைத்தது பொய்யில்லை. ஆனால் தண்ணீர் அமிலமாக இருந்தால்தான் அந்தக் கைகள் விரியும். அதனால் தொட்டியில் முதலில் ஆசிட்டை ஊற்றிக் கலக்கி, பிறகுதான் கரி நிரப்பிய கண்ணாடிக் குழாய்க்குள் தண்ணீரை இறக்குவாள். அதற்கு வசதியாக ஆசிட் கேன்களைத் தொட்டியின் விளிம்புச் சுவரிலேயே ஏற்றி வைக்கச் சொன்னவளும் அவள்தான். தம்பியின் காதில் இந்த ஆசிட் விவரம் எதுவும் ஏறவில்லை. கரி எதையும் பிடித்துவிடும் என்பது மட்டும் நன்றாக ஏறியது.

இன்று காலை ஆசிட்டை ஊற்றும் முன், வழக்கம்போல் சோதனைத் தாள் ஒன்றைத் தொட்டித் தண்ணீரில் நனைத்தாள். எப்போதும் லேசாகவாவது சிவக்கிற தாள் நீலமாய் நின்றது. காரம். குரோமியம் கழுவிய தண்ணீர் இவ்வளவு காரமாக இருக்க வழியே இல்லை. பின்கொட்டகைக் கதவை உதைத்துத் திறந்தாள். மூடிவிட்டேன் என்று அவன் அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்த பழைய சயனைடு முலாம் தொட்டி, உள்ளே ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. அதன் கழிவுக் குழாயை வளைத்து, அவளுடைய தொட்டிக்குள்ளேயே விட்டிருந்தான். தொட்டி நிரம்பி வழிந்து கால்வாயிலும் இறங்கியிருந்தது.

"உன் கரி எல்லாத்தையும் பிடிச்சுக்கும்னு நீதானே சொன்ன?" என்றான் அந்தப் புண்ணியவான்.

"அறிவு கெட்டவனே, இதுல நான் ஆசிட்டை ஊத்தியிருந்தா என்ன வரும்னு தெரியுமா? விஷ வாயுடா. கதவு வரைக்கும்கூட நடந்து போயிருக்க மாட்டோம்!"

அப்போதுதான் அந்த அறை விழுந்தது. அதன் பின்னால் கல்லும் விழுந்தது.

வெளியே தெருவே திரண்டு நின்றது. விடியும்போது கால்வாயில் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளித்த லாரி டிரைவரின் மகள் அங்கேயே சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. இதற்கு மேல் யார் பொறுப்பார்கள்? கரி டாக்டர் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் அவளும்தான் கல்லை எடுத்திருப்பாள்.

கேட் பிய்ந்து விழுந்தது. தடுக்கப்போன காவலாளியின் மண்டையில் கட்டை இறங்கியது. அவர் கேட்டின் மேலேயே சாய்ந்தார், அவரை மிதித்துக்கொண்டு ஆட்கள் உள்ளே வந்தார்கள்.

"நான் இல்லன்னு சொல்லிடு அக்கா. என்னை உரிச்சு எடுத்துடுவானுங்க," என்று தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அத்தனை கோபத்திலும் அவளுக்குப் பெற்ற வயிறு பதறுவதுபோல் பதறியது. அவனைச் சாமான் அறைக்குள் தள்ளிப் பூட்டி, சாவியைத் தன் வெள்ளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த சில நிமிடங்களில் பட்டறை பட்டறையாக இல்லை. மீட்டர்கள் நொறுங்கின. ஒயர்களை வேரோடு பிடுங்கினார்கள். கூலிக்கு மெருகேற்றும் ஒரு கிழவரை முதலாளியின் ஆள் என்று சொல்லிச் சுவரில் மோதினார்கள். அவர் பல்லைத் துப்பினார். லாரி டிரைவர் சக்கரம் கழற்றும் இரும்பை இரண்டு கையாலும் ஓங்கி, கண்ணாடிக் குழாயில் போட்டார். ஒரே போடு. அவள் வருடக்கணக்கில் கை முளைக்க வைத்த கரியெல்லாம் தரையில் கொட்டி, செருப்புகளுக்கடியில் நறநறத்தது. போகட்டும் சனியன், கரியை மறுபடி சுட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவள் கண் கேன்களை விட்டு நகரவில்லை.

அவள் பயந்ததே நடந்தது. டிரைவர் தொட்டிச் சுவரில் ஏறி, ஒரு கேனின் மூடியைத் திருகி எறிந்தார். மூடி உருண்டு எங்கோ போனது. கேனின் வாயிலிருந்து வெள்ளையாகப் புகைந்தது.

"எல்லாத்தையும் இவனோட தொட்டியிலயே கொட்டுங்கடா. தொட்டியே அரிச்சுப் போகட்டும்!"

"ஊத்தாதீங்க!" அவள் ஓடிப்போய்க் கேனின் கைப்பிடியைப் பிடித்தாள். "தொட்டியில சயனைடு இருக்கு. ஆசிட் பட்டா வாயு வரும். இங்க இருக்கிற ஒருத்தரும் மிஞ்ச மாட்டோம்!"

டிரைவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை.

"போன மாசம் எங்க தெருவுல மைக்கைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்ன? சயனைடு இல்ல, குரோமியம் மட்டும்தான், அதையும் என் கரி எடுத்துடும்னு சொன்னியா இல்லியா? அப்ப ஒரு வாய், இப்ப ஒரு வாயா?"

"நானும் ஏமாந்துட்டேன். மூடிட்டேன்னு என்கிட்டயும் பொய் சொல்லியிருக்கான்."

"பூச்சாண்டி காட்டுறா. ஊத்துண்ணே!" என்று கீழேயிருந்து குரல்கள் வந்தன. கேன் சாய்ந்தது. விளிம்புக்கு வந்த ஆசிட் சிதறி அவள் முழங்கையில் பட்டது, தோல் வெந்தது.

இனி அவள் வாய்க்கு அங்கே மதிப்பில்லை. அவர்கள் நம்பக்கூடிய வாய் ஒன்றுதான் இருந்தது, அதை அவள் பூட்டி வைத்திருந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். பின்வரிசையில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். கரி டாக்டர் சாவியை எடுத்து டிரைவரிடம் நீட்டினாள்.

"சாமான் அறையில இருக்கான். அவனையே கேளுங்க."

தம்பியைத் தரதரவென்று இழுத்து வந்தார்கள். அவன் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நம்ப முடியாமை மட்டும்தான் இருந்தது.

"சயனைடு இருக்கா, சொல்லுடா!"

"சயனைடா? அய்யோ, அதெல்லாம் எப்பவோ நிறுத்திட்டேங்க. டாக்டர் ஏதோ பயத்துல உளர்றாங்க."

பொய்யன். சாகும் நேரத்திலும் பொய்யன். "டேய், உண்மையைச் சொல்லுடா!" என்று அவள் கத்திய கத்தலில் தொண்டை கிழிந்தது.

"பார்த்தியா?" என்று டிரைவர் கேனைத் தொட்டிப் பக்கம் ஒரே தள்ளாகத் தள்ளினார்.

அதைக் கண்டதும் தம்பி பிடித்திருந்தவனின் கையைக் கடித்து உதறிவிட்டு, மூக்கையும் வாயையும் சட்டையால் பொத்திக்கொண்டு பின்வாசலைப் பார்த்து ஓடினான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறவனின் ஓட்டம். அவ்வளவுதான், எல்லோருக்கும் புரிந்துவிட்டது. டிரைவரின் கை கேனிலிருந்து சட்டென்று விலகியது. கவிழ இருந்த கேனை அவள் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து நிறுத்தினாள்.

அவனைப் பின்கொட்டகை வாசலில் மடக்கினார்கள். டிரைவர் இரும்போடு குதித்து ஓடினார். முதல் அடி முட்டியில் விழுந்தது, எலும்பு முறிந்த சத்தம் தொட்டி வரைக்கும் கேட்டது. அப்புறம் கட்டை, கல், கால்.

"அக்கா!" என்று அவன் அலறினான். ஊரார் முன்னால் முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டான். "அக்கா, வா அக்கா!"

அவளால் போக முடியவில்லை. கேனுக்கு மூடி இல்லை. பாதிக்கு மேல் சுவரைத் தாண்டிச் சாய்ந்திருந்தது. கீழே இறக்கத் தனியாளுக்குப் பலம் போதாது. கையை எடுத்தால் தொட்டிக்குள் போகும். "யாராவது வந்து பிடிங்களேன்!" என்று கெஞ்சினாள். அடிக்கிற மும்முரத்தில் யாருக்குக் காது இருந்தது? கைக்குழந்தைக்காரி எப்போதோ ஓடிவிட்டாள். தம்பி கூப்பிடக் கூப்பிட அவள் கேனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். ஆசிட் கோட்டை நனைத்து நெஞ்சில் எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் கூப்பிடுவது நின்றது. பிறகு அடிப்பதும் நின்றது.

டிரைவர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். அவர் முகத்திலும் சட்டையிலும் ரத்தம் தெறித்திருந்தது. இரும்பைக் கீழே போட்டுவிட்டுக் கேனின் மறுபக்கத்தைப் பிடித்தார். இருவருமாகத் தரையில் இறக்கினார்கள்.

"அக்கான்னு கத்தினானே," என்றார். "உனக்கு அவன் என்ன வேணும்?"

"கூடப் பொறந்தவன்."

அவர் கீழே கிடந்த இரும்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"மூடி கீழே எங்கயோ உருண்டுச்சு," என்றாள் அவள். "தேடிக் கொடுங்க."

அவர் மண்டியிட்டு, உடைந்த கண்ணாடிக்கும் கரிக்கும் நடுவில் துழாவி எடுத்துக் கொடுத்தார். அவள் அதைக் கடைசிச் சுற்று வரைக்கும் திருகி மூடினாள். பிறகுதான் தம்பியிடம் போனாள். முகம் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. மேலுதட்டில் மட்டும் காலையில் அவள் அறைந்ததில் வந்த ரத்தம், துடைக்காமல் விட்டது, காய்ந்து கறுத்து ஒட்டியிருந்தது. அதை வைத்துத்தான் அவனை அடையாளம் கண்டுகொண்டாள்.