கூரைக்கு ஒரு கேமரா

இதனால் மேல்பிரிவுத் தேயிலைத் தோட்டத்தில் வசிக்கும் ஆண், பெண், கைக்குழந்தை, பென்ஷன்காரர் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: தோட்ட நிர்வாகம் ஒரு கேமரா வாங்கப் போகிறது.

மூன்று மொழிகளில் அச்சடித்து, முத்திரை குத்தி, ஆபீஸ் வாசலில் இந்த அறிவிப்பை ஒட்டியவர் ஆபீஸ் குமாஸ்தாவான காளியப்பன் கிராணி. கேமரன் மலை ஈரத்தில் பசை இரண்டு நாள்கூடத் தாங்காது என்பது இருபத்து மூன்று வருஷ அனுபவம். அதனால் நாலு மூலையிலும் ஊசி குத்தினார். குத்தும்போதே அலுப்பாக இருந்தது. இந்தப் பலகையில் அவர் ஒட்டிய எந்த அறிவிப்பும் இதுவரை யாருக்கும் ஒரு ஆணிகூடக் கொண்டுவந்து தந்ததில்லை.

கேமரா எதற்கு? தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளின் பழுதைப் படம் எடுத்து அனுப்பினால்தான் இனிமேல் பழுது பார்ப்போம் என்று கோலாலம்பூர் தலைமை ஆபீஸ் சொல்லிவிட்டது. சொந்தக் கைபேசியில் எடுத்த படம் செல்லாது. போன வருஷம் ஒருவன் பக்கத்து ஊரான திரிங்காப்பில் இருக்கும் மச்சான் வீட்டுக் கூரையைத் தன் கூரை என்று அனுப்பிப் புதுத் தகரம் வாங்கிவிட்டான். ஒருவன் செய்த காரியத்துக்கு நாற்பது வீடு நனைந்தது.

காளியப்பனின் வீடும் அந்த நாற்பதில் ஒன்று. ஏழாம் நம்பர். படுக்கையறைக் கூரைக்கு அடியில் அடித்த தட்டியில் பழுப்புக் கறை ஒன்று பரவி, பகாங் மாநிலத்தின் வரைபடம் போல ஆகியிருந்தது. மழை பெய்தால் தலைநகர் இருக்க வேண்டிய இடத்திலிருந்து சொட்டும். கட்டிலை அடுப்படிக் குசினிக்கு மாற்றி எட்டு மாதமாகிறது. அவர் மனைவி யோகேஸ்வரிக்கு இளைப்பு நோய். ஈரம் பட்டால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும்.

"வருஷக் கடைசி மழைக்குள்ள இந்தக் கூரையை மாத்தலேன்னா, நான் ரிங்லெட்டுல தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன். சும்மா சொல்லலங்க," என்று அவள் சொல்லியிருந்தாள். யோகேஸ்வரி எதையும் இரண்டு தடவை சொல்லுகிறவள் அல்ல.

கேமரா வாங்குவது சாதாரண விஷயமா? உடனே ஒரு குழு அமைக்கப்பட்டது. உதவி மேலாளரான சின்னத் துரை ஜீவன், தலைமைக் கிராணி குகனேஸ்வரன், தொழிலாளர் சார்பில் ஏழாம் நம்பருக்குப் பக்கத்து வீட்டுத் தங்கம்மா. குறிப்பெடுக்கக் காளியப்பன். 

ஜீவனுக்கு வயது இருபத்தெட்டு. கொழுந்து நிறுக்கும்போது எடையைப் பதிய வைத்திருந்த கைக்கணினிமேல் அவருக்கு அப்படி ஒரு காதல். அதன் தலையில் சொருகுகிற சின்னக் கேமரா ஒன்று விற்கிறது. அதை வாங்கினால் போதும் என்றார். "எல்லாம் ஒரே மெஷின்ல இருக்கணும். அதான் ஃபியூச்சர்." குகனேஸ்வரனோ தனிக் கேமரா கட்சி. காரணம் கேட்டால் லென்ஸ் என்பார். உண்மையான காரணம், அதோடு வரும் தோல் பை. கோயில் திருவிழாவில் அந்தப் பை தன் கழுத்தில் தொங்குவதை அவர் ஏற்கெனவே மனசில் பார்த்துவிட்டார்.

நாலு கூட்டம் நடந்தது. முதல் கூட்டத்தில் யார் தலைவர் என்று பேசினார்கள். இரண்டாவதில், முதல் கூட்டத்தின் குறிப்பில் இருந்த பிழைகளைப் பேசினார்கள். மூன்றாவதில் ஜீவன் திரையில் வரைபடங்கள் காட்டினார். தங்கம்மா தூங்கிவிட்டாள். நாலாவதில் விழித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், என் போனு இந்தா இருக்கு. அதுல இருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மாத்திட்டு, ஆபீஸ் படம்னு அனுப்புனா ஆகாதா லா?"

ஜீவன் மேசையைப் பார்த்தார். குகனேஸ்வரன் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, நாம இங்க பேசுறது கொள்கை," என்றார்.

"சரி சார், பேசுங்க. வெளிய மழை வருது, துணி காயுது, நான் போறேன்."

வெளியே நிஜமாகவே மழை. காளியப்பனுக்கு வீட்டில் இந்நேரம் எந்த வாளி நிறைந்திருக்கும் என்று தெரியும். பேனாவை மூடிவைத்துவிட்டு, குறிப்பெடுப்பவர் பேசக்கூடாது என்ற மரபை மீறிச் சொன்னார்:

"சார், பேசிக்கிட்டே இருந்தா முடியாது. தானா ராத்தா டவுன் கேமராக் கடைக்காரன்கிட்ட ரெண்டையும் ஒருநாள் இரவல் வாங்கிப் பாப்போம். ஒரே கூரையை ரெண்டுலயும் எடுப்போம். என் வீட்டுக் கூரையவே எடுங்க."

நல்ல யோசனை என்று இரு கட்சியும் ஒப்புக்கொண்டன. காளியப்பன் பல மாதத்துக்குப் பிறகு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். எந்தக் கேமரா ஜெயித்தால் என்ன? எது எடுத்தாலும் பகாங் வரைபடம் கோலாலம்பூர் போய்ச் சேரும். முதல் தகரம் ஏழாம் நம்பருக்கு.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி என்று முடிவானது. வீட்டில் மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வடை சுடுகிறேன் என்று கிளம்புவாள், வீண் வேலை என்று நினைத்தார். 

அவர் சொல்லாவிட்டால் என்ன, தங்கம்மா சொல்லிவிட்டாள்: எந்தக் கேமரா நல்லது என்று பார்க்கத் துரை வந்து போட்டோ எடுக்கிறார் என்று மட்டும்.

வெள்ளிக்கிழமை அதிசயமாக வெயில். ஜீவனையும் குகனேஸ்வரனையும் கூட்டிக்கொண்டு ஏழாம் நம்பர் வாசலுக்கு வந்த காளியப்பன் அங்கேயே நின்றுவிட்டார். வாசலில் மாக்கோலம். உள்ளே யோகேஸ்வரி பட்டுச் சேலையில், தலையில் பூவோடு. வாளிகளைக் காணோம். கட்டில் மறுபடி படுக்கையறைக்கு வந்து, கல்யாணத்துக்கு வந்த விரிப்பைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. அதற்குமேல் தட்டி, பால் போல வெள்ளை. நாலு மூலையிலும் தீபாவளிக் காகிதப் பூ.

"என்னடி இது?" என்றார் காளியப்பன், குரல் எழும்பாமல்.

"கோயில்ல மிச்சமான பெயிண்டுங்க. தங்கம்மா அக்கா ஏணி பிடிச்சாங்க, நான் அடிச்சேன். போட்டோ எடுக்க வர்றப்ப அந்தக் கறை தெரிஞ்சா அசிங்கமில்ல?" என்று அவளும் மெதுவாகச் சொன்னாள். பெயிண்ட் வாசனையில் நெஞ்சு விசிலடித்தது.

அவளைக் குற்றம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. 'துரை வருகிறார், லைன் சுத்தமாக இருக்க வேண்டும்' என்ற அறிவிப்பை இருபத்து மூன்று வருஷமாக ஒட்டி வந்தவர் அவர்தான். ஆபீஸ்காரர் கால் வைத்தால் ஓட்டையை மூடு, கேமரா வந்தால் பட்டுக் கட்டு. தோட்டத்துக்கு இதைப் பழக்கியதே அவர் ஊசிகள்தாம்.

"சார், இங்கதான் ஒழுகும். இந்தா, இந்த இடத்துல," என்று விரலால் காட்டினார்.

"எங்க அங்கிள்? பளிச்சுனு இருக்கே," என்றார் ஜீவன்.

"கீழ இருக்கு சார். பெயிண்டுக்கு உள்ள."

ஜீவன் கைக்கணினியை உயர்த்தி அழுத்தினார். அந்தக் கருவிக்குக் கொழுந்து எடையைத் தவிர வேறு உலகம் தெரியாது. படத்தைச் சேமிக்க எத்தனை கிலோ என்று கேட்டது. வேறு வழியில்லாமல் பதினாலு என்று போட்டார். காளியப்பன் வீட்டுக் கூரை, முதல் தரக் கொழுந்து, பதினாலு கிலோ என்று பதிவாயிற்று.

குகனேஸ்வரன் புன்னகையோடு தனிக் கேமராவை எடுத்தார். ஒரே ஒரு சொடுக்கு. வெள்ளைத் தட்டி, காகிதப் பூ, ஓரத்தில் அண்ணாந்து சிரிக்கும் யோகேஸ்வரி. ஒவ்வொரு இதழும் தனித்தனியாகத் தெரிந்தது.

"அடடா, கண்ணாடி மாதிரி இருக்கு!" என்று அவரே மெச்சிக்கொண்டார்.

"சார், மழை பெய்யறப்ப ஒருதடவை வந்து எடுத்தா..." என்று காளியப்பன் இழுத்தார்.

"மழையில இதை வெளிய எடுக்கவே கூடாது கிராணியாரே. வாரண்டி போயிரும்," என்றார் குகனேஸ்வரன். நாலு கூட்டத்தில் முதல்முறையாக ஜீவன் அவரோடு ஒத்துப்போய்த் தலையாட்டினார்.

தனிக் கேமரா வென்றது. மாதிரிப் படம் கோலாலம்பூர் போயிற்று. பத்தே நாளில் பதில் வந்தது: படத்தின் தரம் மிகச் சிறப்பு. ஏழாம் எண் வீட்டின் கூரை நல்ல நிலையில் இருப்பது படத்தால் உறுதியாவதால், அது பழுதுப் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. அந்தக் கடிதத்தைத் தமிழில் தட்டச்சு செய்து பலகையில் ஒட்ட வேண்டியது காளியப்பனின் வேலை. ஒட்டினார். நாலு ஊசி.

அன்று மாலை அவர் சொல்லி முடிக்கும்வரை யோகேஸ்வரி குறுக்கே பேசவில்லை.

"அப்ப நான்தான் கெடுத்தேனா?"

"நீயும் நானுந்தான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்தக் கறைக்குப் பொட்டு வச்சு உக்காத்தி வச்சிருப்பேன் லா. சொல்ல வாய் வலிச்சுதா உங்களுக்கு?"

வலித்ததுதான். இருபத்து மூன்று வருஷமாக வலிக்கிறது.

அடுத்த சனிக்கிழமை மழை பிடித்தது. வெள்ளைப் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு பழுப்பு மறுபடி எட்டிப் பார்த்தது. யோகேஸ்வரி ஒரு பையும் இளைப்புக்கு மருந்து உறிஞ்சும் குழாயும் எடுத்துக்கொண்டு ரிங்லெட் பஸ் ஏறினாள். கூரை மாறினால் போன் பண்ணுங்கள் என்றாள். சாப்பாடு எங்கே என்றும் சொன்னாள்.

திங்கட்கிழமை ஆபீசில் ஒரு சின்ன விழா. தோளில் தோல் பை தொங்க, குகனேஸ்வரன் ஒரு பொட்டலத்தைக் காளியப்பனிடம் கொடுத்தார். தோட்டத்துக் கேமராவின் முதல் படம், கண்ணாடி போட்டுச் சட்டமிட்டு. ஜீவன் கைதட்டினார். காளியப்பன் நன்றி சொன்னார். இத்தனை வருஷத்தில் நிர்வாகம் அந்த வீட்டுக்குக் கொடுத்த முதல் பொருள் அது.

வீட்டுக்கு வந்து எங்கே மாட்டுவது என்று பார்த்தார். ஆணி இருந்த சுவர் ஒன்றே ஒன்றுதான், படுக்கையறையில். வாளியைக் காலால் ஒதுக்கிவிட்டு மாட்டினார். யோகேஸ்வரி பட்டுச் சேலையில் வெள்ளைக் கூரையை அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் படம் நனைந்துவிட்டது.