பால் வற்றக் கட்டிய பூ

ஐந்தாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே செத்துப்போனது. வலி வரவைத்துத்தான் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபின் சரிதாவுக்குப் பால் கட்டியது. குடிக்கப் பிள்ளை இல்லை என்று உடம்புக்கு யார் சொல்வது?

"மல்லிப்பூ வாங்கியா. மார்ல வெச்சிக் கட்னா வத்திடும்னு எங்கம்மா சொல்லும்" என்று புருஷன் தயாளனிடம் சொன்னாள்.

கோவிலம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் பூ விற்கும் முனியம்மா, தயாளனைப் பார்த்ததும் சிரித்தாள்.

"இன்னாடா, பொண்டாட்டி மேல ஆசை ரொம்பிப் போச்சா? வளைகாப்பு எப்போ?"

"தலைக்கு இல்லக்கா. மார்ல கட்ட."

அவள் சிரிப்பு நின்றது. அதன்பின் தினமும் ஒன்றும் கேட்காமல் அள்ளிக் கொடுத்தாள்.

சரிதா கதவைச் சாத்திக்கொண்டு தானே பூவைக் கட்டிக்கொண்டாள். தனியாகப் படுத்தாள். தயாளனுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை. அவள் துணிகளைத் துவைத்துப் போட்டான். முதலில் ஜாக்கெட்டெல்லாம் பால் காய்ந்து விறைத்துக் கிடந்தது. இன்று ஒரு கறைகூட இல்லை. ஆனாலும் காலையில் கட்டிய பூ போதாதென்று, "இன்னும் நெறைய வாங்கியா" என்று அனுப்பினாள்.

வாங்கி வந்தவன் நேரே உள்ளே போனான்.

"வெச்சிட்டுப் போ."

"பால்தான் நின்னுபோச்சே. அப்புறம் இன்னாத்துக்குப் பூ?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் குனிந்தான். மல்லி வாசனைக்கு அடியில் வேறொரு வாடை. கோவளத்தில் மீன் விற்கும் குடும்பத்தில் பிறந்தவன். கெட்டுப்போன வாடை அவனுக்குத் தெரியும். கழுத்தைத் தொட்டான். கொதித்தது.

"எப்பலேர்ந்து?"

"முந்தாநாள்லேர்ந்து."

"டாக்டர் இன்னா சொல்லிச்சு?"

டாக்டர் சொன்னபோது அவன் அங்கே இல்லை. துணியில் சுற்றிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு சுடுகாட்டுக்குப் போயிருந்தான்.

"ஜொரமோ நாத்தமோ வந்தா ஒடனே வரணும்னாங்க. உள்ள மிச்சம் இருந்தா சொரண்டி எடுப்பாங்களாம். மேல்வீட்டு தீபாக்காவுக்கு அப்டித்தான் எடுத்தாங்க. அப்புறம் அதுக்குக் கொழந்தயே தங்கல."

"தங்காட்டி போவுது. எந்திரி."

"ஒனக்கு இன்னா? பொதைச்சிட்டு வந்து குளிச்சிட்டு சோறு துன்ன. மூஞ்சி எப்டி இருந்திச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

தயாளன் தரையைப் பார்த்தான். "பாக்கல. துணியத் தொறக்க பயமா இருந்திச்சி."

அவன் பக்கம் திரும்பியவள், "நீயும் பயந்தாங்கொள்ளிதானா?" என்றாள்.

"ஆமா. எந்திரி. ஆட்டோ கூப்புடுறேன்."

சேலையூரைத் தாண்டும்வரை ஆட்டோவில் அவன் தோளில் சாய்ந்து அழுதாள். தாம்பரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் இருவரையும் சேர்த்தே திட்டினார். திட்டட்டும். தப்பில்லை.

"இதுக்கப்புறம் கொழந்த தங்குமா?" என்று சரிதா கேட்டாள்.

"நிறைய பேருக்குத் தங்குது. உங்களுக்குத் தங்கும்னு இப்பவே சத்தியம் பண்ண முடியாது. ஆனா இன்னும் தள்ளிப் போட்டிருந்தா உங்க உயிருக்கே ஆபத்து."

ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன் பூவை எடுக்கச் சொன்னாள் நர்ஸ். முடிச்சைத் தயாளன்தான் அவிழ்த்தான். பூவெல்லாம் ஜுரச் சூட்டில் பழுத்துப்போயிருந்தது.

"நாளிக்கி வாங்காத" என்றாள் சரிதா.

கதவு மூடியது. கையில் பூவோடு அவன் அங்கேயே நின்றான். டாக்டர் வெளியே வந்து எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை, இந்த முறை அவன் எங்கேயும் போகவில்லை.