ஒரு சுற்று முந்திய கொடி

பதினேழு வருடமாக டூரிங் கார் பந்தயம் ஓட்டுகிறேன். ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. அந்த ஞாயிறு, யார்க்ஷயர் மழையில் முன்னால் போன மூவரும் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ள, நான் முதலிடத்துக்கு வந்துவிட்டேன். திறமைதான் காரணம் என்று யாரும் என்மீது பழிபோட முடியாது.

முடிவைச் சொல்லும் கட்டம்போட்ட கொடி அசைந்தது. கோட்டைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்துக் கூட்டத்துக்குக் கையசைத்தேன். ஐந்து கார்கள் சீறிக்கொண்டு என்னைக் கடந்தன.

"ராட்னி, இன்னும் ஒரு சுத்து இருக்குடா மடையா! ஓட்டு!" ரேடியோவில் கத்தியது என் மனைவி க்வெண்டா. எங்கள் மெக்கானிக்கும் அவள்தான்.

கொடிக்காரர் எண்ணிக்கையில் தவறி, ஒரு சுற்று முன்பே கொடியைக் காட்டிவிட்டார். அதை நம்பியவன் நான் ஒருவன்தான். ஆறாவதாக வந்து சேர்ந்தேன்.

பந்தயக் கட்டுப்பாட்டு அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். தலைமை அதிகாரி ஹில்டா விதிப்புத்தகத்தை மூடினார். "கொடியத் தப்பாக் காட்டினாலும், காட்டினதோட பந்தயம் முடிஞ்சுது. அப்போ முன்னால இருந்தது நீங்க. ஜெயிச்சதும் நீங்கதான்."

வெளியே ஓடிப்போய் க்வெண்டாவிடம் சொன்னேன்.

"மடையனா இருந்தே ஜெயிச்சுட்டியேடா!" என்று ஹெல்மெட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

பரிசுக் கோப்பையிலேயே டீயை ஊற்றி மாறி மாறிக் குடித்தோம். முதல் வாய் கொடிக்காரருக்கு.