முக்காலிகள் திரும்பி வந்த மாதம்

எங்கள் ஊரில் ஒவ்வொருவருடைய நரம்பு மண்டலத்து ஊழியர்களும் அவரவர் வீட்டிலேயே குடியிருக்கிறார்கள். என் வீட்டில் வலி முன்னறையிலும், ஞாபகம் புத்தக அலமாரியின் அருகிலும், நேரம் சுவர்க் கடிகாரத்தின் அடியிலும், மூச்சு பின்கட்டிலும் இருந்துவருகின்றனர். மூச்சைத் தவிர மற்ற எல்லோரின் எதிரிலும் முக்காலிகள் போடப்பட்டிருக்கும். ஒருவர் அளவுக்கு மீறிப் பேசினால், கேட்பவர் பக்கத்திலிருந்து கையமர்த்துபவர் ஒருவர் கிளம்பி வந்து முக்காலியில் அமர்ந்து, போதும் என்று கையை உயர்த்துவார். பேச்சு தணியும். இரண்டு நிமிடத்தில் அவர் கரைந்துவிடுவார். வீட்டுக்காரரின் உடற்கொழுப்பிலிருந்தே அவ்வப்போது பிறப்பவர் ஆதலால் அவருக்குப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை.

நான் நாற்பத்தோராண்டு விசைத்தறி ஓட்டியவன். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் உட்காராமல், பொட்டலக் காகிதத்தில் தொடங்கிக் கலைக்களஞ்சியம் வரை சொந்தமாகப் படித்தவன். அறுபத்து நான்காம் வயதில் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதி, அறிவியல் நீங்கலாக யாவற்றிலும் தேறினேன். அறிவியலில் இருமுறை தவறினேன். சர்க்கரை நோயால் இடக்காலின் நரம்பு கெட்டிருந்தபடியால் வலி ஓயாமல் பேசினார். படித்தது எதுவும் என் காதில் விழவில்லை. பழைய பாடத்திட்டத்தில் எழுத இனி ஒரே வாய்ப்புதான் எஞ்சியிருந்தது.

அந்நிலையில் என் மைத்துனன் சென்னியப்பன் கஞ்சா இலை கலந்த லேகியம் ஒரு சாடி கொண்டுவந்தான்.

"சுண்டைக்காய் அளவு போதுங்க மச்சான். கால் எங்க போச்சுன்னு நீங்களே தேடுவீங்க" என்றான்.

உண்ட ஒரு மணி நேரத்தில் லேகியத்திலிருந்து வெளியூரார் வந்தனர். எல்லோரும் பச்சைச் சட்டை அணிந்திருந்தனர். முக்காலி யாருக்குப் பொருந்துகிறதோ அவர் அமரலாம் என்பது விதி, அவர்களுக்குப் பொருந்தியது. வலியின் எதிரில் அமர்ந்து கையை உயர்த்தினர். வலி அடங்கினார். ஆனால் அவர்கள் கரையவில்லை, மாலைவரை இருந்தனர். மேலும், வீட்டில் இருந்த எல்லா முக்காலிகளிலும் அமர்ந்துவிட்டனர். ஞாபகம் பாதி வாக்கியத்தில் பேனாவை மூடினார். நேரம் ஐந்து நிமிடத்தை ஒரு மணி என்று அறிவித்தார். பின்கட்டை எட்டிப் பார்த்தவர்கள், அங்கே முக்காலி இல்லாததால் திரும்பிவிட்டனர். ஆகவே மூச்சு மட்டும் தன் வேலையைக் குறைவின்றிச் செய்தார்.

"ஏனுங்க, மூணாவது வாட்டியா சோறு கேக்கறீங்க" என்றாள் என் மனைவி தெய்வாத்தாள்.

இரண்டு மாதம் இவ்வாறு கழிந்தது. உட்கார வருவோர் மிகுந்தால் வீடு தானாகவே முக்காலிகளைக் குறைக்கும். என் வீடும் குறைத்தது. பிறகு லேகியத்தை நெல்லிக்காய் அளவு உண்டாலும் வலி பாதியே அடங்கினார். எங்கள் வீட்டுக் கையமர்த்துபவர் வந்து, இடமின்றி நின்றபடியே கரைந்துபோனார்.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கையில் தெய்வாத்தாள் பாடநூலை விரித்து, "நியூரான்னா என்னங்க?" என்று கேட்டாள்.

"நியூரான் என்பது" என்றேன். ஞாபகம் என்னைப் பார்த்தார். அவர் எதிரில் பச்சைச் சட்டைக்காரரின் கை உயர்ந்திருந்தது.

"என்பதுங்கற வரைக்கும் மார்க் போடமாட்டாங்க" என்று அவள் நூலை மூடினாள்.

அன்றே சாடியை வேப்பமரத்தடியில் புதைத்தேன். வெளியூரார் உடனே ஊருக்குப் போகவில்லை. என் வயிற்றுக் கொழுப்பில் அறை எடுத்துத் தங்கி, தினமும் ஓரிருவராக வந்துபோயினர். எனக்கு உறக்கம் கெட்டது. வலி எழுந்து நின்று பேசினார்.

"என்ன தறிக்காரரே, என்னைச் சும்மா இருக்கச் சொல்ல ஒரு நாதி இல்லையா?"

"வரும்" என்றேன்.

"நாலு தறி ஓட்டுனவரு, நாலு வரி படிக்க முடியலயே!"

பாடநூலைத் திறந்து படித்தேன். காலைதோறும் முக்காலிகளை எண்ணினேன். ஒன்பதாம் நாள் ஒன்று திரும்பியிருந்தது. பதினாறாம் நாள் ஐந்து. இருபத்தெட்டாம் நாள் எல்லாம் வந்துவிட்டன. அன்று வலி கத்தியபோது எங்கள் வீட்டுக் கையமர்த்துபவர் வந்து, வசதியாக அமர்ந்து, கையை உயர்த்தினார். இரண்டு நிமிடம் அமைதி நிலவியது. அந்த இரண்டு நிமிடத்தில் இரண்டு மதிப்பெண் விடை ஒன்றை முழுமையாக எழுதி முடித்தேன். தறியில் நூல் அறுந்தால் முடிச்சிட்டு மீண்டும் ஓட்டுவதைப் போல எழுத வேண்டும் என்று கண்டுகொண்டேன்.

தேர்வு நாளன்று தெய்வாத்தாள் ஒரு முக்காலியைத் துணிப்பையில் வைத்துக் கொடுத்தாள். வலி உடன் வந்தார்.

"இவர் யாருங்க ஐயா?" என்றார் அறைக் கண்காணிப்பாளர் அம்மையார்.

"வலிங்க."

அம்மையார் பட்டியலைப் பார்த்தார். என் பதிவெண்ணுக்கு அடுத்த எண் வலியினுடையதாக இருந்தது. அவருக்கும் விடைத்தாள் கொடுத்தார்.

வலி என் தாளை எட்டிப் பார்த்து, விடை கேட்டு உரக்கப் பேசினார். அவர் எதிரில் நான் போட்ட முக்காலியில் கையமர்த்துபவர் வந்து அமரும்போதெல்லாம் எழுதினேன். ஐந்து மதிப்பெண் விடையை மூன்று தவணையில் முடித்தேன். "நியூரான் என்பது" என்று தொடங்கிய வாக்கியத்துக்கு, அன்று முற்றுப்புள்ளியும் வைத்தேன்.

நான் நாற்பத்து மூன்று பெற்றுத் தேறினேன். வலி இருபத்தொன்பது பெற்றுத் தவறினார். அவர் இனி புதிய பாடத்திட்டத்தில்தான் எழுத வேண்டும், பாடங்கள் அதிகம். முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு பகல் முழுவதும் படிக்கிறார். என் இடக்காலில் இப்போது சத்தமே இல்லை. தெய்வாத்தாள் அவருக்குச் சர்க்கரை இல்லாத காப்பி கொண்டுபோய்க் கொடுக்கிறாள். நான் உரக்கப் பேசினால் கையமர்த்துபவர் என் எதிரில் வந்து அமர்கிறார்.

நேற்று வலி கதவைத் திறந்து, நரம்பு மண்டலப் பாடத்தில் ஒரு சந்தேகம் என்றார். விடை எனக்குத் தெரியும். நாளைக்குச் சொல்கிறேன், அதுவரை படியுங்கள் என்றேன்.